ஆந்தை இருந்த பாறையும் நீ எண்ணும் ஓநாய்களும்

செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிய கடிதம் என்று நினைத்துவிடாதே. பேனா என் கையில்தான் இருக்கிறது. வரி மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அது என் ஏற்ற இறக்கம்தான். இந்த மூன்று வரி எழுதுவதற்குள் உன் அம்மா வைத்த காபி ஆறிவிட்டது. ஆறட்டும். இரும்புலியூர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அதே பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரு வருஷமாகப் படித்தேன். என் பக்கத்தில் உட்காருவது ரிக்‌ஷா ஓட்டும் மாணிக்கம். நான் உனக்கு எழுதத் தாள் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, இந்த வயசுல யாருக்கு லவ் லெட்டரு? அண்ணி கைல மாட்டுச்சுன்னா தோல உரிச்சி தொங்க விட்டுடும்" என்றான். என் பெண்ணுக்கு என்றேன். "ரஷ்யாவுக்கா? தமிழ்ல எழுதுனா அந்தப் போஸ்ட்மேனுக்குப் புரியுமா?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். விலாசத்தை டீச்சர் எழுதித் தருவார் என்றதும்தான் அவனுக்கு நிம்மதி. இப்போது அது ரஷ்யா இல்லை, தனி நாடு என்று நீ எழுதியிருந்ததை அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனால் இப்போது ஒரு போர்டையும் நான் விடுவதில்லை. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் போவதற்குள் சிமெண்ட், பனியன், பல் வைத்தியம், வீட்டு மனை எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். "வாய மூடிகினு வா, பஸ்ஸே நம்மளத்தான் பாக்குது" என்று உன் அம்மா முழங்கையால் இடிக்கிறாள். இத்தனை வருஷம் இத்தனை பேர் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கேட்கவே இல்லை என்பது எவ்வளவு வேடிக்கை! அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. முதல்முறையாக யாரிடமும் கொடுக்காமல் நானே பிரித்தேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஓநாய் என்ற வார்த்தையை முதலில் படித்ததும், சரியாகத்தான் படித்தோமா என்று மறுபடி எழுத்துக் கூட்டினேன். சரிதான். அது ஓநாய்தான்.

நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருப்பதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் மூன்று வருஷம் வேலை செய்ய உன்னைக் கூப்பிடுகிறார்கள். முன்போல் காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வருகிற வேலை இல்லை இது. வெடித்த அணு உலையைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உள்ளேயே, ஆட்கள் விட்டுப் போன ஊரில் ஒரு வீட்டைச் சுத்தம் செய்து தருவார்கள். பனியிலும் வெயிலிலும் அங்கேயே தங்கி விலங்குகளையும் பறவைகளையும் எண்ண வேண்டும். "அம்மா தை மாதத்தில் கல்யாணம் என்கிறாள். அவளிடம் கேட்டால் அழுவாள். நீங்கள் சொல்லுங்கள் அப்பா. போ என்றால் போகிறேன், வா என்றால் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இந்த இடத்தைப் படித்தபோது, படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. யாராவது படித்துக் காட்டியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, "நீ இன்னாப்பா சொல்ற?" என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்க யாரும் இல்லை.

உன்னைப் பெண் கேட்டிருக்கும் பெருங்களத்தூர்க்காரர்கள் போன வாரம் வந்திருந்தார்கள். பையன் நல்லவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசாதவன். அவன் அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "பாப்பா வெளிநாட்ல இன்னா வேல பாக்குது?" என்று கேட்டாள். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கணக்கெடுக்கற வேல" என்றாள். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாடா, ரெண்டு பேருக்கும் கணக்கு" என்றாள் மகனிடம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். ஆனால் டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு உன் ஊரைத் தெரியும். "அங்க ரெண்டு தல கன்னுக்குட்டி பொறக்குதாமே, மெய்தானா?" என்று கேட்கிறார்கள். "உம் பொண்ணு அங்கயா கீது?" என்று கேட்டுவிட்டு, என் டீ கிளாஸையே பார்க்கிறார்கள்.

அந்த உலை வெடித்தபோது நீ அந்த நாட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ படித்துக்கொண்டிருந்த ஊருக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டேன். பேப்பரில் போட்டிருந்த வரைபடத்தில் விரலால் அளந்து காட்டினார். ஒரு விரல்கடைகூட இல்லை. பிறகு உன் கடிதம் வந்தது. ஜன்னல்களைச் சாத்தியே வைக்கச் சொல்கிறார்கள், நாள் முழுவதும் லாரிகள் தெருவைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்கின்றன, மற்றபடி வெயில் நன்றாக அடிக்கிறது, மரமெல்லாம் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பூத்திருக்கிறது என்பதைக் கேட்டு உன் அம்மா சமாதானமானாள். எனக்கு அந்த வார்த்தைதான் பயமாக இருந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்குக் குவாரிக் குடிசை நினைவிருக்கும். கோவிலம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி, பாறையைக் குடைந்து குடைந்து ஒரு பெரிய பள்ளமாக்கி வைத்திருந்தோம். பாறையில் குழி போட்டு வெடிமருந்து இறக்குகிற வேலை எனக்கும் ஏழுமலைக்கும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உச்சி வெயிலில் எல்லோரும் ஒதுங்கிய பிறகு வெடி போடுவோம். ஒவ்வொரு வெடியாக எண்ணுவோம். நாங்கள் மட்டுமில்லை, குடிசைகளில் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும் பெண்களும் எண்ணுவார்கள். இன்றைக்கு எத்தனை குழி என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வார்கள். கடைசி வெடி கேட்டதும் மேஸ்திரி "ஆச்சு!" என்று கத்துவார். அதன் பிறகுதான் தட்டில் சோறு விழும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. மறுநாள்தான் போகவேண்டும். அதுவும் அந்தக் குழியில் மருந்து வைத்தவன் மட்டும் போகவேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் கூடப் போகக்கூடாது. அவன் தனியாகப் போவான், மற்றவர்கள் மேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்போம்.

ஒருநாள் ஏழுமலையின் குழிகளில் ஒன்று வெடிக்கவில்லை. லாரிகள் காத்திருக்கின்றன என்று காண்ட்ராக்டர் கத்தினான். ஏழுமலை பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு அன்றைக்கே போனான். அவன் மனைவி அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் புளித்தண்ணீர் முழங்கையில் வழிய எழுந்து நின்றாள். அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான், குவாரியை மூடிவிட்டார்கள். பாறையில் இன்னும் இரண்டு மூன்று குழிகளில் மருந்து இருந்தது. எடுக்க யாரும் வரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். குடிசைக்காரர்கள் சட்டி பானையோடு போனார்கள். நாமும் கோவிலம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். உள்ளே கிடந்த இயந்திரங்களுக்குக் காவல் வேண்டும் என்றார்கள். எந்தக் குழி எங்கே என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை வைத்தார்கள். ஏழு வருஷம் அங்கே காவல் இருந்தேன்.

நீ எழுதியிருப்பதைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த ஏழு வருஷம்தான் கண்முன் வருகிறது. அங்கே பள்ளிக்கூடத்துக்குள் காட்டுப்பன்றி குட்டி போட்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய். நம் குவாரியில் ஏழுமலை வீட்டு அடுப்புக்குள் நரி குட்டி போட்டது. சாம்பல் இன்னும் அள்ளாமல் கிடந்தது, அந்தச் சாம்பலில்தான் குட்டிகள் புரண்டன. பெண்கள் பாத்திரம் கழுவிய இடங்களில் பப்பாளியும் கறிவேப்பிலையும் தாமாக முளைத்து ஆள் உயரத்துக்கு வந்தன. பறிக்க யாரும் இல்லை. ஆட்டுக்கல்லை யாரும் எடுத்துப் போகவில்லை, அது தரைப் பாறையிலேயே குடைந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். காலையில் முயல் வந்து குடிக்கும், பிறகு கீரி வரும், வெயில் ஏறியதும் உடும்பு வரும். இட்லிக்கு அரைத்த கல் அது. பள்ளத்தில் தண்ணீர் ஊறிக் குளமானது. மீன்கொத்தி வந்தது, நீர்க்காகம் வந்தது. வெடிச் சத்தம் நின்றதும் ஊர் செத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. நாங்கள் எப்போது போவோம் என்று அத்தனையும் வேலிக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. மருந்தைக் கண்டு அவற்றுக்குப் பயமில்லை. எங்களைக் கண்டுதான் பயம். 

பிறகு அந்தக் கொம்பு ஆந்தை வந்தது. சரியாக, மருந்து இறக்கி வெடிக்காமல் நின்ற ஒரு குழிக்கு மேலே இருந்த பாறைப் படியில் முட்டை வைத்தது. அது கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, ஏழுமலைதான் கூப்பிடுகிறான் என்று கோவிலம்பாக்கத்தில் கதை கட்டினார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பகலில் போய்ப் பார்த்தால் அது ஏழுமலை இல்லை. தலையில் இரண்டு கொம்பு போல இறகு, கமலா பழம் மாதிரி கண், கொல்லைப்புறத்தில் யாரோ வந்து நின்றால் பார்க்கிற மாமியார் மாதிரி ஒரு பார்வை. நான் மயங்கிவிட்டேன். அப்போது நீ எட்டாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை நீ சோறு கொண்டு வந்தாய். வேலிக்கு வெளியே வாங்கிக்கொண்டு உன்னை அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நான் கால் வைத்த இடத்திலேயே கால் வை என்று சொல்லி, எதிர்ப் பாறையில் உட்காரவைத்துக் காட்டினேன். பஞ்சு மூட்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். நீ மூச்சுவிடக்கூட மறந்து பார்த்தாய். பிறகு என்னிடம், "அப்பா, கீழ மருந்து கீதுன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "அப்போ யார்னா சொல்லணுமே" என்றாய்.

நீ விலங்கியல் படிக்கிறேன் என்றபோதும், வெளிநாட்டில் சேர இடம் கிடைத்தது என்றபோதும், வேலிக்குள் போய் எண்ணுகிறேன் என்று எழுதியபோதும் எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம் வந்தது. உன் கடிதங்களில் வருகிற பிராணிகளை எல்லாம் எனக்கு அங்கே வைத்துப் பார்த்தே பழக்கம். மாடு உயரத்துக்கு ஒரு மான் வந்து ஆள் இல்லாத வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் தின்கிறது என்று எழுதினாய். நான் அதை நம் பப்பாளி மரத்தடியில் நிற்க வைத்தேன். மரத்தைப் பல்லால் வெட்டி ஓடையை அடைக்கிற ஒரு பிராணியைப் பற்றி எழுதினாய், அதைக் குவாரிக் குளத்தில் விட்டேன். மின்சாரக் கம்பத்தின் உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கிறது, கம்பியில் மின்சாரம் ஓடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று எழுதினாய். ஆட்கள் பஸ் ஏறிப் போனபோது வாசலில் விட்டுப் போன நாய்களைப் பிறகு துப்பாக்கியோடு வந்தவர்கள் தேடித் தேடிச் சுட்டார்கள் என்று எழுதினாயே, அதை மட்டும் எங்கேயும் வைக்க முடியவில்லை. நாய்கள் கார் சத்தம் கேட்டு, தங்கள் ஆட்கள்தான் திரும்பி வந்துவிட்டார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தனவாம். இப்போது அந்தத் தெருக்களில் ஓநாய்கள் நடக்கின்றன. அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்தக் கடிதத்தில் நீ குருவியைப் பற்றி எழுதியிருக்கிறாய். கழுத்து சிவப்பாக இருக்க வேண்டிய குருவி. உன் கைக்குள் வைத்துப் பார்த்தால் கழுத்தில் வெள்ளைத் திட்டு. எண்ணிக்கையைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு இரண்டும் சொல்லத் தெரியவில்லை என்கிறாய். செல்வி, எனக்குத் தெரிந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நீ அந்த நாட்டுக்குப் போன பிறகு நடந்தது. சித்திரை மாதத்து மத்தியானம், திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. நான் காவல் கொட்டகையில் இருந்தேன். மின்னல் பாறையில் இறங்கியது. இடி இடித்தது. அந்த இடிக்குள் இன்னொன்றும் கேட்டது. ஆந்தைக்குக் கீழே இருந்த குழி மின்சாரக் கம்பி வைத்து வெடிக்கிற குழி, மின்னல் அந்தக் கம்பியில் இறங்கிவிட்டது. இத்தனை மழையில் ஊறி மருந்து எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று ஆறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை. அந்த ஆறு வருஷமும் அது உயிரோடுதான் இருந்தது. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பாறைப் படியே இல்லை. அந்த வருஷத்துக் குஞ்சுகளும் இல்லை. தண்ணீரில் இறகு மிதந்தது. நீயும் நானும் உட்கார்ந்திருந்த எதிர்ப் பாறையில் குடம் பருமனுக்குக் கற்கள் வந்து கிடந்தன.

வீட்டுக்குப் போனபோது உன் அம்மா வாசலில் நின்றாள். "இன்னா சத்தம்?" என்றாள். இடி என்று சொன்னேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து, ஆந்தை வேறொரு படியில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பார், ஒன்றும் ஆகவில்லை, வந்துவிட்டது என்று குதித்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அது திரும்பி வந்ததற்கு அந்த இடம் நல்லது என்று அர்த்தமில்லை. வேறு இடங்களில் எல்லாம் மனிதர்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான் அர்த்தம். உன் ஓநாயும் நாரையும் அப்படித்தான் வந்திருக்குமோ என்னவோ. அது உனக்குத்தான் தெரியும். அவை நிம்மதியாக நடமாடுவதைப் பார்த்து நீயும் நிம்மதியாகிவிடாதே. என் கண்ணில் பட்டதை எல்லாம் நம்பி, கண்ணில் படாததைச் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இத்தனையும் எழுதிவிட்டு உன்னை வா என்றுதான் சொல்லப் போகிறேன் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து எழுத ஆரம்பித்தேன். ஆனால் எழுதிக்கொண்டு வரும்போது, அந்த ஏழு வருஷத்தைப்போல் நான் வேறெந்த வருஷமும் விழித்துக்கொண்டு வாழவில்லை என்பதும் தெரிகிறது. நாம் கெடுத்துவிட்டு வந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒருவராவது வேண்டும். ஒருவரும் பார்க்காவிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரோ ஒரு காண்ட்ராக்டர் சொல்லிவிடுவான். நீ அந்தக் குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாய். நான் ஆந்தையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதனால் போ. கதிர்வீச்சை அளக்க நீ சட்டையில் மாட்டிக்கொள்கிற கருவி காட்டுவதை மறைக்காமல் எங்களுக்கு எழுது. போகக்கூடாது என்று சொல்கிற நாளில் போகாதே. யார் அவசரப்படுத்தினாலும் போகாதே. போ என்று எழுதிவிட்டேன். எழுத்துத் தெரிந்த பிறகு நான் எழுதிய மிகச் சின்ன வார்த்தை இது. மிகவும் கனமாக இருக்கிறது.

இதுவரை எழுதி நாலு நாள் ஆகிறது. தபாலில் போடப் போனேன், கால் திரும்பிவிட்டது. இன்று காலை உன் அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாதான் எழுதிகினு கீற நாலு நாளா? ரேஷன் கடைக்குப் போ போன்னு தொண்ட கிழியுது. போஸ்ட் ஆபீசு வரைக்கும் போய் திரும்பி வர்ற. படிச்சாவது காட்டு, கேப்போம்" என்றாள். முழுதும் படித்துக் காட்டினேன். மாமியார் என்ற இடத்தில் சிரித்தாள். ஏழுமலை என்றதும் கை நின்றது. பிறகு மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள். கடைசி வரை பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சி."

"போன்னு எழுதிட்ட."

"எழுதிட்டேன்."

"அன்னிக்கி இடின்னு சொன்னியே, நான் நம்பிட்டேன்னு நெனச்சிகினியா? இடி காதுல கேக்கும். அது கால்ல கேட்டுது. அடுப்பாங்கர தரையில எனக்கு கால்ல கேட்டுது. இருவது வருஷம் வெடி எண்ணுனவ நானு. எனக்கே கத சொல்ற."

நான் தாள்களை மடிக்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"ஏழு வருஷம் நீ அங்க ஆந்தய பாத்துகினு இருந்த. நான் இங்க காத தொறந்து வெச்சிகினு இருந்தேன். சோறு வடிக்கசொல்ல, துணி தொவைக்கசொல்ல, சினிமா கொட்டாய்ல குந்திகினு கீறசொல்ல. படத்துல பாட்டு ஓடுது, எனக்கு வெளிய இன்னா சத்தம்னே ஓடுது. உன் லெட்டர்ல அது ஒரு வரி கூட இல்லியே."

"அப்போ வரச்சொல்லி மாத்தி எழுதட்டுமா?" என்றேன்.

"நான் வரச்சொன்னேனா? இரு. பொண்ண உள்ள கூட்டிகினு போன. அது கொழந்த. அத கூட்டிகினு போய் குந்தவெச்சி குஞ்சு காட்டுன. பாவாடைல முள்ளப் பாத்து அன்னிக்கே எனக்குத் தெரியும். சரி, போவட்டும். நானுந்தான் ஒரு வாட்டி கேட்டேன், அந்த குஞ்ச எனக்கும் காட்டேன்னு. இன்னா சொன்ன?"

எனக்கு நினைவிருந்தது. "உனக்கு எதுனா ஆனா வூட்ட யாரு பாக்கறதுன்னு சொன்னேன்."

"ஆங். அப்போ ஆபத்துன்னு உனக்குத் தெரிஞ்சிதான் இருந்துச்சி. எனக்கு ஆபத்து. உனக்கு இல்ல, அவளுக்கு இல்ல. எனக்கு மட்டும்."

செல்வி, இத்தனை வருஷத்தில் அந்த வேலிக்குள் இருந்த பயத்தை நான் எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். அதனால்தான் நான் அங்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுது. நான் சொல்றத எழுது. நான் பேசற மாதிரியே எழுது, உன் பள்ளிக்கூடத்துப் பாஷைல மாத்தாத" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேகமாகச் சொல்கிறாள், என் கை அவ்வளவு வேகம் போகாது, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வைத்தேன். இது அவள் சொன்னது:

"செல்வி, அம்மா பேசறேன். உங்கப்பன் போன்னு சொல்றாரு. அவரு அப்டித்தான் சொல்வாரு. நான் போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டிக்கெட்டு, பாஸ்போட்டு அதெல்லாம் வுடு. நான் வந்துட்டேன்னு வெச்சிக்கோ. வந்து அந்த வேலி வாசல்ல நிக்கறேன். அம்மா வந்துட்டேன்டி, உன் குருவிய காட்டுன்னு கேக்கறேன். என்ன உள்ள கூட்டிகினு போவியா? அந்த வூட்ல என்ன குந்தவெச்சி ஒரு டம்ளர் தண்ணி குடுப்பியா? நல்லா யோசி. வாம்மான்னு உன் வாயில வந்துச்சின்னா, நீ போ. பெருங்களத்தூர்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வேணாம்மா, நீ வெளியவே நில்லுன்னு வந்துச்சின்னா, அப்புறம் நீ மட்டும் இன்னாத்துக்குடி உள்ள போற?"

"அவ்ளோதான். எழுதிட்டியா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேலே போ என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. ஆனால் அதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நீ என்னிடம் கேட்டிருக்கக்கூடாது, நானும் சொல்லியிருக்கக்கூடாது. கேள்வி இப்போது அவளுடையது. அவளுக்கு எழுது. உள்ளே போய் நின்று, அந்த வீட்டைப் பார்த்து, தண்ணீர் டம்ளரைப் பார்த்து யோசித்து எழுது. அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். எந்தப் பதிலாக இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை மாற்றாமல், அவள் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டுகிறேன்.

அப்பா